காட்டினதைத்தான் சொன்னானாம்

அந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக் கால் வைங்க தம்பி. உடையற சாமான் இல்ல, இடிச்சா உங்க காலுதான் வலிக்கும். ஜன்னலோரமா நகந்து உக்காருங்க. ராஜபாளையம்தானே? நானும் அங்கதான். டிரைவர் ஓட்டுத ஓட்டத்தைப் பாத்தா எப்படியும் ரெண்டரை மணி நேரம் ஆகும். காலேஜ்ல வேலைன்னா சொன்னீங்க? நல்லது. படிச்ச ஆளு பக்கத்துல கெடைக்கது இந்தக் காலத்துல பெரிய விஷயம். போன வாரம் எம்பக்கத்துல ஒருத்தன் உக்காந்தான், ஏறுன நேரத்துல இருந்து போன்ல சினிமா. நான் பேசுனா தலையத் தலைய ஆட்டுதான், காதுல பஞ்சு மாதிரி ஒண்ணை அடைச்சு வச்சிருக்கான்.

நான் யாருன்னு கேக்கலியே நீங்க. கேக்காட்டியும் சொல்லுதேன். செண்பகராமன். இன்ஸ்பெக்டரா ரிட்டயர் ஆனவன். டி.எஸ்.பி.யா ஆகியிருக்கணும். ஆகலை. ஏன் ஆகலைன்னு கேட்டா ஒரு பயலைப் பத்திச் சொல்லணும். அவனைப் பாக்கத்தான் இப்ப போய்க்கிட்டிருக்கேன். நான் இருந்த ஸ்டேஷன் பேரு வேண்டாம், அங்க இப்பவும் நம்ம ஆளுக இருக்காங்க.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிருதேன். எம்மேல ஆயிரம் குத்தம் சொல்லலாம். ஆனா கைய நீட்டுனேன்னு ஒரு பய சொல்ல முடியாது. முப்பத்தி நாலு வருஷ சர்வீஸ்ல எங்கை ஒருத்தன்மேல பட்டது கிடையாது. அடிச்சா எவனும் எதை வேணும்னாலும் சொல்லுவான். அதுல என்ன உண்மை இருக்கு? நான் பொருளைக் காட்டித்தான் வாங்குவேன். வேற ஸ்டேஷன்ல இருந்தெல்லாம் என்னையக் கூப்பிடுவாங்க. 'செண்பகராமன் வந்து மேசை போட்டு உக்காந்தா வேலை முடிஞ்சிரும்'பாங்க.

அதுக்கு ஒரு முறை இருக்கு தம்பி. மேசை காலியா இருக்கணும். ஒரு தாளு கூட இருக்கக் கூடாது. முதல்ல அவனைப் பேச விடணும். அன்னைக்குக் காலையில எந்திரிச்சதுல இருந்து சொல்லுலேன்னு விட்டுரணும். நம்மகிட்ட என்ன இருக்குன்னு அவனுக்குத் தெரியவே கூடாது. அவன் ஒரு பொய்யைச் சொல்லி, அதுமேல நல்லா ஏறி உக்காந்த பொறவு, நம்ம கையில இருக்கதுல ஒண்ணை எடுத்து மேசையில வைக்கணும். ஒண்ணே ஒண்ணு. வச்சிட்டுப் பேசாம இருக்கணும். இந்தப் பேசாம இருக்கதுதான் நம்ம ஆளுகளுக்கு வராது. வச்ச உடனே 'இது என்னலே, சொல்லுலே'ன்னு குதிப்பாங்க. நான் பேனாவை மூடி வச்சிட்டு ஜன்னலைப் பாப்பேன். அவன் என்னையப் பாப்பான். நான் ஜன்னலைப் பாப்பேன்.

இப்ப கேஸுக்கு வாரேன். ஞானப்பூ டீச்சர்னு ஒருத்தங்க. ஹெட்மிஸ்ட்ரஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க, தனியா இருந்தாங்க. ஒரு செவ்வாக்கிழமை மத்தியானம் சமையக்கட்டுல தலையில நாலு அடி. ஆள் முடிஞ்சிட்டாங்க. கழுத்துச் சங்கிலியக் காணோம். அடிச்ச சாமானையும் காணோம். அவங்க அக்கா மகன் ஜோயல்தான் முதல்ல பாத்துட்டு ஸ்டேஷனுக்கு ஓடி வந்தான். அவன் அழுத அழுகையைப் பாக்கணும் நீங்க, என் கண்ணுலயே தண்ணி வந்துட்டு. பொறவு டீச்சர் கல்லறைக்கு அவன்தான் மார்பிள் போட்டான். அந்த வீட்டையும் அவன்தான் வச்சு அனுபவிக்கான். தங்கமான பையன். அவனை நான் விசாரிக்கவே இல்ல. பாத்தாலே தெரியும்லா நமக்கு.

நான் சொன்ன பய தவசிக்கனி. அப்போ இருபத்தாறு வயசு. மோட்டார் ரிப்பேர் பாக்கவன். டீச்சர் வீட்டுக் கிணத்து மோட்டாரை அந்த வாரத்துல ரெண்டு தடவை வந்து பாத்திருக்கான். மோட்டார் ரூம் முழுக்க அவன் கைரேகை. கொலை நடந்த அன்னைக்குக் காலையில டீச்சர் போன்ல இருந்து அவனுக்கு மூணு கால் போயிருக்கு. வேற என்ன வேணும் சொல்லுங்க.

கூட்டிட்டு வந்து உக்கார வச்சேன். முறைப்படி பேச விட்டேன். "டீச்சர் போன் பண்ணுனாங்கய்யா, தண்ணி ஏறலைன்னாங்க. சாயங்காலம் வாரேன்னு சொன்னேன். வேற எடத்துல வேலை கெடந்துது, போவ முடியல"ங்கான். ஒரு பொய் கூட சொல்லலை பாத்துக்கிடுங்க! போன் லிஸ்டை எடுத்து வைக்கேன். "அதைத்தானய்யா நானே சொன்னேன்"ங்கான். கைரேகை போட்டோவ வைக்கேன். "மோட்டார் ரூம்ல எங்கை இல்லாம யாரு கை இருக்கும்யா"ங்கான். எனக்கு வந்துது பாருங்க எரிச்சல். இப்படித் தெளிவாச் சொல்லுதவனை நான் நம்பவே மாட்டேன். தப்புப் பண்ணாதவன் பதறுவான். முன்னுக்குப் பின்னா உளறுவான். இவன் முதல் நாள் சொன்னதையே ரெண்டாம் நாளும் சொல்லுதான். அப்பவே முடிவு பண்ணிட்டேன், இவன்தான்னு.

மூணு நாள் உக்காந்தோம். அவன் தூங்கலை, தூங்கலைன்னு பின்னால கோர்ட்டுல அவனோட வக்கீல் பெரிசாப் பேசுனாரு. நான் மட்டும் தூங்குனேனா? அதை ஒருத்தன் கேட்டானா?

மூணாம் நாள் எனக்கு மந்திரி பந்தோபஸ்து. அதுக்குப் போயிருந்த நேரத்துல டீச்சர் வீட்டுக் கிணத்துல ஆள் எறக்கித் தேடியிருக்காங்க. ஏட்டு போன்ல சொல்லுதாரு, "ஐயா, கெடைச்சிருச்சு. சாக்குல கட்டி சொத்து ரூம்ல வச்சிட்டேன்"னு. சொத்து ரூம்னா கேஸுல பிடிச்ச சாமானையெல்லாம் போட்டு வைக்க ரூமு. எனக்கு அங்க நிக்கவே முடியல. மந்திரி காரு போன உடனே நேரா வந்தேன். சட்டையக் கூட மாத்தலை. சொத்து ரூமைத் திறந்து, கதவுக்குப் பக்கத்துல இருந்த சாக்கைத் தூக்கிட்டு வந்து, அவன் முன்னால மேசையில வச்சுப் பிரிச்சேன். ரெண்டடி நீளத்துல இரும்புப் பைப்பு.

வச்சிட்டு ஜன்னலைப் பாத்தேன்.

அவன் பைப்பைப் பாத்தான். என்னையப் பாத்தான். மறுபடி பைப்பைப் பாத்தான். "இதாலயாய்யா டீச்சரை..."ன்னு கேட்டான். "கிணத்துல கெடந்துது"ன்னேன். அவ்வளவுதான் தம்பி நான் சொன்னது. வேற ஒரு வார்த்தை சொன்னேன்னா என் நாக்கு அழுகிப் போகட்டும். அரை மணி நேரம் உக்காந்திருந்தான். பொறவு "ஆமாய்யா"ன்னான்.

"என்னலே ஆமா?"

"இதாலதான்யா. கிணத்துல போட்டுட்டேன்."

"எத்தனை அடிலே?"

"ரெண்டு."

நான் ஜன்னலைப் பாத்தேன்.

"மூணுய்யா."

நான் பாத்துக்கிட்டே இருந்தேன்.

"நாலு."

பேனாவைத் திறந்தேன். எப்படி வருது பாத்தீங்களா, உண்மை? தானா வரும். நாம அவசரப்படாம இருந்தாப் போதும். வி.ஏ.ஓ.வைக் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்கி, எல்லாம் முறைப்படி முடிச்சேன். கையெழுத்துப் போட்டு முடிச்ச உடனே அந்தப் பய கேக்கான், "இனிமே நான் வீட்டுக்குப் போலாமாய்யா?" ஏட்டு சிரிச்சிட்டாரு. நானும் சிரிச்சேன். கொலையப் பண்ணிட்டு வீட்டுக்குப் போவணுமாம்.

சங்கரன்கோவில் வந்துட்டு. டீ குடிக்கீங்களா? வேண்டாமா? சரி, நானும் எறங்கலை. சொல்லிக்கிட்டு வந்ததை விட்டா தொடர்ச்சி போயிரும்.

கோர்ட்டுல என்ன ஆச்சுன்னா, அதுதான் என் வயித்தெரிச்சல். கிணத்துல இருந்து எடுத்தது பைப்பு இல்லையாம். அம்மிக்குழவியாம். டீச்சர் வீட்டு அம்மியோட குழவி. சாமானை எடுத்த உடனே கிணத்தடியில எழுதுன மகஜர்ல குழவின்னுதான் இருக்கு. டாக்டரும் காயத்தைப் பாத்துக் கல்லு மாதிரிச் சாமான்னுதான் எழுதியிருக்காரு. அப்போ பைப்பு எங்க இருந்து வந்துது? அது தெருக்குழாய்த் தண்ணிக்கு ரெண்டு வீட்டுக்காரன் அடிச்சிக்கிட்ட கேஸு. ரெண்டு சாக்கும் பக்கத்துல பக்கத்துல இருந்திருக்கு. நான் ஒண்ணுக்கு ஒண்ணை மாத்தித் தூக்கிட்டு வந்துட்டேன். மனுஷன்தானே? பந்தோபஸ்துல வெயில்ல நின்னுட்டு வாரவன் சாக்கு மேல எழுதியிருக்க நம்பரையா படிப்பான்?

சரி, நான் சாக்கை மாத்திட்டேன். ஒத்துக்கிடுதேன். ஆனா அவன் ஏன் பைப்புன்னு ஒத்துக்கிட்டான்? அதை யோசிங்க. குழவியால அடிச்சவனுக்குத் தெரியாதா, தான் எதால அடிச்சோம்னு? தெரியும்! நான் தப்பான சாமானைக் காட்டுதேன்னு பாத்த உடனே புரிஞ்சுக்கிட்டான். 'இதை ஒத்துக்கிட்டா கேஸு கோர்ட்டுல நிக்காது'ன்னு அந்த இடத்துலயே கணக்குப் போட்டான். மூணு நாள் தூங்காத மூளை எப்படி வேலை செஞ்சிருக்கு பாருங்க. என் சர்வீஸ்ல இவ்வளவு பெரிய கள்ளனை நான் பாத்ததில்ல.

நீங்க ஏன் ஒரு மாதிரியாப் பாக்கீங்க? ஜட்ஜம்மாவும் இப்படித்தான் பாத்தாங்க. தீர்ப்புல ஒரு வரி. எனக்கு மனப்பாடம். 'குற்றம் சாட்டப்பட்டவர் தனக்குக் காட்டப்பட்டதை மட்டுமே திருப்பிச் சொல்லியிருக்கிறார். தனக்குத் தெரிந்ததாக ஒன்றையும் சொல்லவில்லை.' விடுதலை. பதினாலு மாசம் உள்ள இருந்தவன் வெளிய வந்துட்டான். அதுக்கெடையில அவனைப் பெத்தவ போய்ச் சேந்துட்டா, அது வேற விஷயம். எனக்கு மெமோ. பிரமோஷன் லிஸ்ட்ல எம்பேரு இல்ல. அன்னைக்கு வீட்டுக்கு வந்து வாசக்கதவைச் சாத்திட்டு அழுதேன் தம்பி. எம்பொண்டாட்டி சாகும்போது கூட நான் அப்படி அழலை.

விடுதலை ஆனவனை அதே கேஸுல மறுபடி தூக்க முடியாது. அது எனக்குத் தெரியாதா? எனக்கு அவனை ஜெயில்ல போடணும்னு ஆசை இல்ல. அவன் வாயால, அவன் கையால, நான்தான் பண்ணுனேன்னு வரணும். அந்த ஒரு தாளைக் கொண்டுபோயி அந்த ஜட்ஜம்மா வீட்டு வாசல்ல நின்னு நீட்டணும். அதுக்குப் பொறவு நான் நிம்மதியா சாவேன்.

அதனால போக ஆரம்பிச்சேன். ரிட்டயர் ஆனவனுக்கு வேற என்ன வேலை? முதல்ல கோவில்பட்டியில ஒரு ஒர்க்‌ஷாப்ல இருந்தான். போயி, மோட்டார் ரூம் போட்டோவை அவன் முன்னால வச்சேன். ஒரு வார்த்தை பேசலை. டீ குடிச்சேன், வந்துட்டேன். மாசம் ஒரு தடவை, ஒரு தடவைக்கு ஒரு பொருள். முதலாளி யாருடே இவருன்னு அவன்கிட்ட கேட்டிருக்காரு. வேலை போயிட்டு. பொறவு சிவகாசிக்குப் போனான். கண்டுபிடிக்க எனக்கு அஞ்சு மாசம் ஆச்சு. நான் போய் நின்ன உடனே கையில இருந்த ஸ்பேனரைக் கீழ போட்டுட்டான். நான் மெரட்டுனேனா? ஒரு சொல்லு? கிடையாது. பக்கத்துக் கடைக்காரன்கிட்ட மட்டும் கேஸ் விவரத்தைச் சொல்லி வச்சேன். ஊருல நாலு பேருக்குத் தெரியணும்லா, யாரு கூடப் பழகுதோம்னு.

கல்யாணத்துக்கும் போனேன். கூப்பிடலை, ஆனா போனேன். ராஜபாளையத்துப் பொண்ணு, மாரீஸ்வரின்னு பேரு. நல்ல கலகலப்பான பிள்ளை. ஞானப்பூ டீச்சர் போட்டோவைப் பெருசாப் பிரேம் போட்டு, பரிசுக் காகிதம் சுத்தி அவ கையில குடுத்தேன். அங்கேயே பிரிச்சிட்டா. "இது யாருங்க?"ன்னு மாப்பிள்ளையக் கேக்கா. அவன் என்னையப் பாக்கான். நான் பந்தியைப் பாத்தேன். சாப்பாடு நல்லா இருந்துது.

ராஜபாளையத்துல ஒரு மோட்டார் வைண்டிங் கடையில வேலை. மூணு வயசுல ஒரு பொம்பளைப்பிள்ளை. போன மாசம் போயிருந்தேன். அப்ப இந்தப் பை இருந்துது எங்கூட. உள்ள அம்மிக்குழவி. கேஸுல உள்ளது இல்ல, அது கோர்ட்டுல கெடக்கு. இது சந்தையில வாங்குனது, அதே பருமன். வீட்டுல அவனும் பொண்டாட்டியும் பிள்ளையும் சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. நடுவுல வச்சேன். பிள்ளை அதை உருட்டி விளையாட ஆரம்பிச்சிட்டு. மாரீஸ்வரி ஓடிவந்து பிள்ளையத் தூக்கிட்டு, "ஐயா, உங்களுக்கு என்னதான் வேணும்?"னு கத்துதா. தவசிக்கனி எந்திரிச்சு வந்து எங்காலுல விழுந்தான்.

"ஆமாய்யா, இதாலதான்யா. அன்னைக்குப் பைப்புன்னு சொன்னேன், இன்னைக்கு இதுன்னு சொல்லுதேன். அடுத்த தடவை நீங்க எதைக் கொண்டுவந்தாலும் அதாலதான்யா. எம்பிள்ளை முன்னால மட்டும் வேண்டாம்."

கேட்டீங்களா? குழவின்னு அவன் வாயாலயே வந்துட்டு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சிட்டு. ஆனா நான் அவசரப்படலை. "வாயால சொன்னா எப்படிடே? எழுதிக் குடு. எழுதிக் குடுத்திட்டா நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்"ன்னேன். யோசிச்சு சொல்லுதேன்யான்னான். ஒரு மாசம் யோசிச்சிருக்கான்.

இன்னைக்குக் காலையில அவனே போன் பண்ணுனான். பதினோரு வருஷத்துல அவனாப் பண்ணுத முதல் போன். "எழுதிருதேன்யா, என்ன எழுதணும்?"னு கேட்டான். அன்னைக்கு ஸ்டேஷன்ல சொன்னதையே எழுதுடே, பைப்புக்குப் பதிலாக் குழவின்னு போடு, அவ்வளவுதான்னேன். "அது எனக்கு ஞாபகம் இல்லய்யா, நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிடுதேன்"னான். சரி, வருஷம் ஆச்சுல்ல, மறக்கத்தானே செய்யும். நான் வரிவரியாச் சொன்னேன். அவன் எழுதிக்கிட்டே வந்தான். குரல்ல ஒரு நடுக்கம் இல்ல, ஒரு அழுகை இல்ல. மனசுல இருந்த பாரம் எறங்கிட்டா மனுஷன் அப்படித்தான் ஆயிருவான்.

நானே வந்து வாங்கிக்கிடுதேன்னேன். உங்களை மாதிரிப் படிச்ச ஆளு ஒருத்தரு சாட்சிக் கையெழுத்துப் போட்டா இன்னும் பலமா இருக்கும். அதுக்குத்தான் இவ்வளவும் உங்ககிட்ட சொல்லுதேன். கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலதான், வீடும் அங்கதான். அஞ்சு நிமிஷ வேலை. மாரீஸ்வரி இருந்து ஒப்பாரி வைப்பாளேன்னு யோசிக்காதீங்க. அவளையும் பிள்ளையையும் காலையிலயே அவ அம்மா வீட்டுக்குப் பஸ் ஏத்தி விட்டுட்டானாம். அதுவும் நல்லதுதான். பொண்டாட்டி முன்னால இதையெல்லாம் ஒருத்தன் எப்படிக் குடுப்பான்?

"தாளை மேசைமேல வச்சிருப்பேன்யா. நீங்க தட்ட வேண்டாம். கதவு சும்மாதான் சாத்தியிருக்கும், தள்ளிட்டு உள்ள வாங்க"ன்னான். கடைசியில "பிள்ளைகிட்ட மட்டும் எதையும் காட்டிராதீங்கய்யா"ன்னான். சரிடேன்னேன். போனை வச்சிட்டான்.

ஏன் தம்பி எந்திரிக்கீங்க? இன்னும் ஊர் வரலை. நான் அவனுக்குப் போன் போடணுமா, இப்பவா? எதுக்கு? சரி சரி, கையைப் பிடிக்காதீங்க, போடுதேன்.

மணி அடிக்கு. எடுக்கலை.

குளிச்சிக்கிட்டிருப்பான். இன்னொரு தடவையா? போட்டாச்சு, அடிச்சிக்கிட்டே இருக்கு. அட, டிரைவர்கிட்ட எதுக்கு ஓடுதீங்க? யாருக்குப் போன் பண்ணுதீங்க, போலீசுக்கா? போலீசு நான்தானே தம்பி இங்க உக்காந்திருக்கேன்! வந்து உக்காருங்க. எல்லாத்தையும் எழுதி வச்சிருப்பான், அவன் சொன்னாச் செய்வான். அடியில கையெழுத்துப் போட மறந்திருக்கக் கூடாது, அது ஒண்ணுதான் எனக்குக் கவலை.